ஏழாம் வரிசையில் நான் அடுக்கிய அலமாரி

டர்லாக்,
ஜனவரி 28

என் செல்ல நதாலியாவுக்கு, அம்மா லூசிண்டா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் கர்த்தர் புண்ணியத்தில் சுகம், நீயும் குட்டி இனேசும் அந்த அலாஸ்காக் குளிரில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே ஒரு வாரமாக மூடுபனி, எதிர்வீடே தெரியவில்லை, அப்பா பால்பண்ணைக்குப் போய்த் திரும்பும்வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

நான் வேலை பார்க்கும் கடையில் நடந்ததை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பெரிய கடைகளில் ஆண், பெண் என்று பிரிக்காத பொம்மைப் பகுதி ஒன்றும் இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் வந்துவிட்டது அல்லவா, அதற்காகத் தலைமை அலுவலகம் ஒரு பலகையும், எதை எங்கே வைப்பது என்ற படமும் அனுப்பியது. படத்தில் பார்த்தால் கடைக்கோடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒற்றை அலமாரி, அதில் நாலு பந்து, விற்காத புதிர் அட்டைகள், அவ்வளவுதான். மேனேஜர் கிரெக்கிடம் கேட்டேன், "சட்டத்துக்குக் கண்துடைப்பா ஒரு பலகை போதும் லூசிண்டா, மண்டையக் குழப்பிக்காதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏழாம் வரிசையின் நடுவில் இடம் ஒதுக்கி, விளையாட்டு அடுப்பு, மண் அள்ளும் வண்டி, குழந்தை பொம்மை, ரயில் எல்லாவற்றையும் கலந்து அடுக்கினேன். ஆண் பிள்ளைகளின் இளநீலப் பக்கம், பெண் பிள்ளைகளின் ரோஜா நிறப் பக்கம் இரண்டும் அப்படியே இருக்கின்றன, யாரிடமிருந்தும் எதையும் நான் பிடுங்கவில்லை.

உன் அப்பாவின் சித்தப்பா மகன் டுவார்த்தேயை மறந்திருக்க மாட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை போர்த்துகீசிய மன்றத்துச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளைக்கு என்ன வாங்கணும்னு அரசாங்கம் சொல்லுமா? நாளைக்கு எம் மாட்டுக்கும் அவனே பேரு வைப்பானா?" என்று ஒரே சத்தம். அதே மனிதர் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து ஏழாம் வரிசையில் மூன்று தடவை நடந்தார், பிறகு அந்த விளையாட்டு அடுப்பை எடுத்துத் தன் தள்ளுவண்டியில் நாய்த்தீனி மூட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "சின்னவன் போன வருசமே கேட்டான், அந்த ரோசாப்பூ கலர் பக்கம் போய் நிக்க எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு, வெளிய சொல்லிறாதீங்க அண்ணி" என்றார். நான் உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு அலமாரியின் புகைப்படம் போக வேண்டியிருந்தது. அவர்கள் அனுப்பிய படத்தில் உள்ளபடி மாற்றாவிட்டால் பொம்மைப் பகுதிப் பொறுப்பு என்னிடம் இருக்காது என்று கிரெக் சொல்லிவிட்டார். மாற்ற மாட்டேன் என்றேன். என் அலமாரியையே படமெடுத்து, கீழே என் பெயரையும் எழுதி அனுப்பினேன். நாளை முதல் எனக்குத் தோட்டச் சாமான் பகுதி, உரமூட்டையும் தண்ணீர்க் குழாயும்தான். அழவில்லை, நீயும் போனில் அழாதே. இன்று மன்றத்தில் டுவார்த்தே சட்டத்தைத் திட்டிக்கொண்டேதான் பரிமாறினார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் என் தட்டில் மட்டும் இரண்டு துண்டு இறைச்சி கூடுதலாக வைத்தார்.

சட்டம் போட்டு என்னை அலமாரி அடுக்கச் சொல்வது எனக்கும் பிடிக்கவில்லை மகளே. ஆனால் இருபத்திரண்டு வருடமாகத் தலைமை அலுவலகம் சொன்னபடி அடுக்கினேனே, அது மட்டும் யாருடைய விருப்பம்? உனக்கு ஐந்து வயதில் இதே கடையில் மண் அள்ளும் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். நான் மேலே இருந்த ‘ஆண் பிள்ளைகளுக்கு’ என்ற பலகையைப் படித்தேன், உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இழுத்துக்கொண்டு போனேன். கணக்கு டீச்சராக நீ நன்றாகத்தான் இருக்கிறாய், அந்த வண்டி கிடைத்திருந்தால் வேறு ஏதாவது ஆகியிருப்பாய் என்று சொல்லவில்லை. அன்று எந்த அரசாங்கமும் என்னைத் தடுக்கவில்லை. அது என் சொந்த முடிவு என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், என்னை மன்னித்துவிடு.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. மார்ச்சில் இனேசுக்கு நாலு வயது முடிகிறது, என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டு எழுது. நீ யோசித்து எழுதாதே, அவள் சொல்வதை எழுது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லூசிண்டா சில்வேரா