வீரலட்சுமி என்ன விலை

14 ஜூலை 2008
நம் பட்டாசுக் கம்பெனி விலைப்பட்டியல் கூகுளில் ஒரு செத்த பொம்பளை பேரில் வருகிறது. வீரலட்சுமி. சாத்தூர் பக்கம் நம் ஃபேக்டரியில் மருந்து அறையில் வேலை பார்த்தவள். மார்ச்சில் வெடித்ததில் போய்விட்டாள். காலையில் நாக்பூர் சேட் போன் போட்டு, புது அயிட்டமா, வீரலட்சுமி பெட்டி என்ன விலை என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அது அயிட்டம் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

15 ஜூலை
சிவகாசி போய், அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற இக்பாலைப் பிடித்தேன். மார்ச்சில் அவளுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் கம்பெனி பேரும் முகவரியும் தயாராக இருந்ததாம். அதே ஃபைலைத் திறந்து, அவள் படத்தை அழித்து, விலையை அடித்து, பிடிஎஃப் ஆக்கி நெட்டில் ஏற்றியிருக்கிறான். ஃபைலுக்குள் தலைப்புக்கென்று ஓர் இடம் உண்டாம். அதில் இங்கிலீஷில் போட்ட அவள் பேர் அப்படியே கிடந்திருக்கிறது. கூகுள் அதைத்தான் எடுத்துக் காட்டுது. "பேப்பர்ல தெரியாது அண்ணாச்சி, அதான் யாரும் பாக்கலை" என்கிறான். சின்ன வேலைதானாம். மாத்திரட்டுமா என்றான். இருலே, சொல்லுதேன் என்று வந்துவிட்டேன்.

16 ஜூலை
சேட் மறுபடியும். விலை படிந்தால் அறுநூறு பெட்டியாம்.

17 ஜூலை
மார்ச்சில் பூட்டிய ஃபேக்டரி போன வாரம்தான் திறந்தது. சீசன் பாதி போச்சு. இந்த லோடு போகாவிட்டால் தீபாவளிக்கு முன்னாலேயே திரும்பப் பூட்டுதான்.

19 ஜூலை
பலவேசம் வந்தான் — வீரலட்சுமி புருஷன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவன் மகள் அனுப்பிரியா பிரவுசிங் சென்டரில் அம்மா பேரையும் ஊரையும் அடித்துப் பார்த்திருக்கிறாள். நோட்டீஸில் போட்ட போட்டோ கிடைக்குமா என்று.

"வெடி வெலை வந்துச்சாம் மொதலாளி. கூட இருந்த பிள்ளைக, உங்கம்மா பெட்டி எம்புட்டுன்னு கேட்டிருக்கு. அவ பேரு அங்கன இருக்கக்கூடாது."

அச்சகத்தான் தப்பு என்றேன்.

"யாரு தப்புன்னு நான் கேக்க வரலை. மார்ச்சிலயும் கேக்கலை."

இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லையே.

20 ஜூலை
இக்பால் மாற்றிவிட்டான். கூகுளில் இன்னும் பழையதுதான் நிற்கிறது. அது மறுபடி வந்து பார்த்தால்தான் மாறுமாம், நாளாகுமாம். வீட்டுக்காரி தங்கத்தாய் சோறு போட்டுக்கொண்டே, "சேட்டுகிட்ட அது மனுசி பேருன்னு சொல்லிட்டீகளா?" என்றாள். குழம்பு ஊற்று என்றேன்.

28 ஜூலை
இன்னும் மாறவில்லை. சேட் மட்டும் விடாமல் கூப்பிடுகிறார். அந்தப் பேர் வடக்கே நல்லா ஓடுமாம்.

9 ஆகஸ்ட்
மாறிவிட்டது. கம்பெனி பேர், விலைப்பட்டியல் 2008 என்று சுத்தமாக வருகிறது. அவள் பேரையும் ஊரையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நோட்டீஸும் இல்லை, போட்டோவும் இல்லை. பலவேசத்துக்குச் சொல்லி அனுப்பினேன். கும்பிட்டானாம்.

22 ஆகஸ்ட்
லேபிள் ஒட்டுகிற வேலையை எம். புதுப்பட்டிக்குக் கொடுத்தேன். வீரலட்சுமி ஊர்ப்பக்கம் வேண்டாம். தங்கத்தாய் என்னோடு பேசுவதில்லை. நெட்டில் இருக்கக்கூடாது என்றுதானே பலவேசம் கேட்டான்? எடுத்தாச்சே. நாக்பூரில் யாருக்குத் தெரியப்போகுது? சரக்கு பழைய சரக்குதான், லேபிள்தான் புதுசு. மத்தியானம் லாரி கிளம்பியது.

வீரலட்சுமி, அறுநூறு பெட்டி. பெட்டி ஆயிரத்து இருநூறு. பாதி முன்பணம், மீதி தீபாவளி கழித்து.