கருமாதி வீட்டுக்கு வந்த லேத்

என் அன்புள்ள என்னங்க,

உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? இங்கேயும் 'என்னங்க'தான். அன்பு இருக்கிறது, கோபம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வேனில் ஏறியவர், சேரப்பணஞ்சேரி தாண்டும்போது தலையைச் சாய்த்தீர்களாம். தூங்குகிறார் என்று விட்டுவிட்டார்கள். படப்பையில் எழுப்பினால் உயிர் இல்லை. காலையில் என் கையிலிருந்து டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு போன மனிதர்! எனக்கு இன்னும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது போதாதென்று, கருமாதிக்கு முந்தின நாள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இறங்கி உங்கள் பெயரைச் சொல்லி, "சார் இருக்காருங்களா? கோயமுத்தூர்லருந்து லேத்து வந்திருக்குங்க" என்றார். உங்கள் தம்பிதான் மாலை போட்ட படத்தைக் கையால் காட்டினார். பாவம், அந்த டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

வீட்டுக்கு லேத்தா? நாள் முழுக்க மண்ணூர் கம்பெனியில் இரும்பு கடைகிற லேத் முன்னால் நின்றுவிட்டு வந்து, கால் விண்விண்ணென்று தெறிக்கிறது என்று எண்ணெய் தேய்க்கச் சொன்னவர் நீங்கள். கத்திரிக்காய் சொத்தை என்றால்கூட என்னிடம் வந்து சொல்கிற ஆள், இதை ஏன் சொல்லவில்லை? வீட்டுக்கு வந்தும் லேத்தோடுதான் இருக்க வேண்டுமென்றால் இந்த வீட்டில் நான் எதற்கு? உங்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியது யார், நானா, வேறு யாராவதா? அழுகைக்கு நடுவே இதுதான் மனதில் ஓடியது.

உங்கள் தம்பி டெலிபோன் பூத்துக்குப் போய் லேத் விற்றவர்களிடம் பேசிவிட்டு வந்தார். ஓட்டிப் பார்க்காமல் வைத்திருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். "ஒரு சுத்து சுத்திட்டாலும் நம்ம தலைலதான் அண்ணி. அப்பிடியே அனுப்பிடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். வாசலில் இறக்கிவைத்த அந்த மரப்பெட்டி கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது.

கருமாதிச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது உங்களோடு வேலை பார்த்த செல்வம் வந்தார். உங்கள் டிராயரில் கிடந்ததென்று ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். உள்ளே கட்டைவிரல் அளவுக்குப் பித்தளைக் குழாய், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சக்கரம். நீராவியில் ஓடுகிற பொம்மை இஞ்சினாம். சாப்பாட்டு நேரத்தில் அரத்தால் ராவிக்கொண்டே இருப்பீர்களாம்.

"இத்த செய்யத்தான் லேத்து வாங்கினாரா? யாருக்கு?" என்று கேட்டேன். எனக்கு என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஓர் ஆசை.

"யாருக்கும் இல்ல அண்ணி. கம்பெனில காலைலருந்து ஒரே மாரி பின்னு கடையறதுதான். டிராயிங்ல இன்னா கீதோ அத்தான் போடணும். இது அவரா மனசுல நெனச்சிகினு செய்றது."

"எங்கிட்ட சொன்னா இன்னாவாம்?"

"இன்னாத்துக்குன்னு கேப்பீங்களாம். அவருக்கு பதில் தெரியாதாம்."

சொல்லிவிட்டுப் பெட்டியின் பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். "அண்ணி, இது மூணு ஃபேஸ் கரண்டுல ஓடற மோட்டாரு. வூட்டுக்கு வர்றது ஒரு ஃபேஸு. இங்க இது ஓடவே ஓடாது. கம்பெனில எல்லாமே மூணு ஃபேஸா, அந்த நெனப்புலயே வாங்கிட்டாரு!"

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, அத்தனை பேர் முன்னாலும். உங்கள் சின்னம்மா கடிக்கப்போன வடையை இலையிலேயே போட்டுவிட்டார். அவர்களைவிட எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. அவ்வளவு கள்ளத்தனமாக மறைத்து வைத்து, கடைசியில் கோட்டை விட்டீர்களே! இதுதான் என் வீட்டுக்காரர். குடையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மறக்கிற ஆள்.

"அப்ப திருப்பி அனுப்பறதே நல்லது" என்றார் உங்கள் தம்பி.

"செல்வம், என் கிரைண்டர் மோட்டார் இதுக்கு ஆகுமா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, சின்ன லேத்துதான், ஆகும், பெல்ட்டை மட்டும் மாற்ற வேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி லேத்தில் பூட்டிக் கொடுத்தார். புது மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் ஓட்டலாமா, இந்த வீட்டில் இப்போது யார் பொட்டு வைப்பது என்று பேச்சு கிளம்பியது. எல்லாருடைய பார்வையும் என் நெற்றிமேல்தான். நான் போய் சுவிட்சைப் போட்டுவிட்டேன். சுற்றியது. இனி அதைத் திருப்பி அனுப்ப முடியாது.

"இத்த வச்சிகினு இன்னா செய்யப் போறீங்க அண்ணி?" என்று உங்கள் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். உங்களுக்கும் இதற்குப் பதில் தெரியாது என்று செல்வம் சொன்னது நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் சோறு, துணி, மாவு என்று நான் செய்ததெல்லாம் யாரோ கேட்டதுதான். நானாக நினைத்து எதைச் செய்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. நீங்கள் போனதற்கு அடுத்தபடி என்னை உலுக்கியது இதுதான்.

உங்கள் இஞ்சினை முடித்துவைப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அது உங்களுடையது, டப்பாவிலேயே இருக்கட்டும். செல்வத்திடம் கேட்டுக் கேட்டு நான் வேறு ஏதோ செய்வேன். என்னவென்று இன்னும் தெரியாது. எதற்கென்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், உங்களிடம்கூட. இது சத்தியம்.

ஆட்டுக்கல்லில் மாவாட்டிக் கை கடுக்கும்,
உங்கள் பொஞ்சாதி
கற்பகம்
படப்பை, 1991