மூச்சு கம்மி, பேச்சு ஜாஸ்தி

அண்ணி, இந்த நேரத்தில் எழுதுவதற்குத் திட்டாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். விடிந்தால் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. பையில் எடுத்துவைக்கலாமென்று நீங்கள் கொடுத்த மூச்சுக் கருவியை வெந்நீரில் போட்டேன். அந்த ரப்பர் வாடை எழுந்ததும் நீங்களே பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

பிள்ளை பெற்ற பிறகு நாலு எட்டு ஓடினாலே எனக்கு இரைத்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், விளையாட்டு டீச்சர் மிடுக்கோடு இதை நீட்டினீர்கள்.

"இன்னா அண்ணி இது?"

"கைக்கு வெயிட்டு தூக்கறோம் இல்ல? அதே மாதிரி, மூச்சு இழுக்கற தசைக்கு இது. வெந்நீர்ல போட்டு எடுத்திருக்கேன். தினமும் வாயில வெச்சிக்கோ. உனக்கு மூச்சு கம்மி, பேச்சு ஜாஸ்தி. ரெண்டும் சரியாயிடும்."

என் வாயை அடைக்கத்தான் என்று சந்தேகப்பட்டேன். நாத்தனார் சும்மா ஒன்றைத் தருவார்களா? பெட்டி வேறு முன்பே பிரித்திருந்தது. வேண்டுமென்றே விசில் போல ஊதினேன்.

"பலூனாடி அது? உள்ள இழு!" என்று சிரித்தீர்கள். கொஞ்சம் பழகியதும், இழுப்பது கடினமாகட்டுமென்று அதிலிருந்த திருகாணியை இறுக்கினீர்கள். மூக்கடைத்த ராத்திரியில் மூச்சுக்கு அல்லாடுவது போலிருந்தது.

பிறகு விடியற்காலைகளில் கிரிவலப் பாதையில் ஓடினோம். முதலில் உங்கள் முதுகைத்தான் பார்த்தேன். மழைக்காலம் முடிவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டேன். ஒருநாள் குபேர லிங்கம் தாண்டித் திரும்பினால், நீங்கள் வெகு பின்னால், டீக்கடைக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றீர்கள்.

"இன்னா டீச்சர், மூச்சு கம்மியா?" என்று கத்தினேன். "போ, போ" என்று கையை ஆட்டினீர்கள். ஜெயித்த பெருமையில் வீடுவரை பேசிக்கொண்டே வந்தேன். நீங்கள் நாலு இடத்தில் நின்று நின்று வந்தீர்கள்.

அடுத்த தைப்பொங்கலுக்கு நீங்கள் இல்லை; சுவரில் மாலை போட்ட படம்தான். நுரையீரலில் கோளாறு என்றார்கள். முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா என்று என் வீட்டுக்காரரிடம், உங்கள் தம்பியிடம், எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "தெரிஞ்சா அக்கா சொல்லியிருக்காதா? சும்மா இரேன்" என்கிறார். நான் நம்பவில்லை. பெட்டியைப் பிரித்தது யார்? வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டியிருந்ததென்றால், எனக்கு முன்னால் அதை வாயில் வைத்தது யார்?

இப்போது என் மூச்சின் மீதே எனக்குச் சந்தேகம். முன்போல இரைக்கவில்லைதான். ஆனால் நான் வேகமானது உங்களை முந்தியதை வைத்துத்தானே தெரிந்தது? திருகாணியை, நீங்கள் கடைசியாக இறுக்கிய இடத்திலேயே விட்டிருக்கிறேன். நாளைக்கு அப்படியேதான் கொண்டுபோகிறேன்.

எனக்கு மூச்சு கூடியதா, உங்களுக்குக் குறைந்ததா? இதை மட்டும் மறைக்காதீர்கள். சீக்கிரம் பதில் போடுங்கள் அண்ணி.