சங்கு ஊத மறுத்த ஆலை

என் அருமைப் பயந்தாங்கொள்ளி அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இதுவரை எழுதத் தோன்றவில்லை. இந்த வாரம் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பயம் வேறு யாருக்கும் புரியாது, உங்களுக்குப் புரியும்.

நான் மேற்கு ஜெர்மனியில், பான் நகரத்தில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர் இயக்கங்கள் குழந்தைகளுக்காக அச்சடித்த புத்தகங்கள், பாட்டு அட்டைகள், சித்திரக் கதைகள்தாம் என் ஆராய்ச்சி. மற்ற பிள்ளைகள் தேவாலயத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் வேறொரு பள்ளியில் உட்கார்ந்து, ரொட்டியைச் சுட்டவர் யார், தின்றவர் யார் என்று பாடம் படித்திருக்கிறார்கள். பட்டுத் தொப்பி போட்ட பருத்த முதலாளியை ஒரு நாடோடி ஏய்த்துவிட்டு ஓடும் படங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பாதி விளையாட்டு, பாதி கோபம்.

நீங்கள் எனக்குக் கொண்டுவந்த புத்தகமும் அந்த வகைதான்.

அப்போது யுத்த காலம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் வரும் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்து, வெள்ளைக்காரன் ஆட்சிக்கு ஆகாதவற்றை நிறுத்திவைப்பது உங்கள் உத்தியோகம். ஓர் அமெரிக்க மாலுமியிடம் பறித்த மெல்லிய படப் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். தெருநாய் குரைத்தாலே கதவைத் தாழிடுகிற மனிதர், ஏன் அப்பா அப்படிச் செய்தீர்கள்? நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அதில் ஒரு பஞ்சாலைக் கதை இருந்தது. விடியுமுன் ஆலையின் ஊதல் அலறும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எழுந்து, அறுந்த நூலை முடிச்சுப் போட ஓடுவார்கள். ஒரு நாள், பிள்ளைகள் தூங்கட்டும் என்று ஊதல் ஊத மறுத்துவிடுகிறது. முதலாளி மிரட்டுகிறார், கெஞ்சுகிறார், தேன் ஊற்றிப் பார்க்கிறார். தொண்டை கட்டிக்கொண்டது என்று அது சாதிக்கிறது. "அது என்னப்பா?" என்று கேட்டேன். "நம்ம மில்லு சங்கும்மா" என்றீர்கள். நானோ கடற்கரையில் விற்கிற வெண்சங்கைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். இத்தனை படித்த பிறகும் அந்த ஆலையின் கூரைமேல் எனக்கு வெண்சங்குதான் தெரிகிறது.

பிறகு புத்தகம் காணவில்லை என்று வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்தார். "பாப்பா, படம் போட்ட இங்கிலீஷ் புக் எதாச்சும் வீட்ல இருக்கா?" என்றார். அன்று காலைதான் அது வெந்நீர் அடுப்பில் எரிந்திருந்தது. எனக்குப் பத்து வயது. "இல்லீங்க" என்றேன். ஆபீசின் புத்தக அலமாரிச் சாவி உங்கள் பக்கத்து மேஜை ராகவன் மாமாவிடம் இருந்ததால், பழி அவர்மேல் விழுந்து அவர் வேலை பறிபோயிற்று. அதன்பின் நீங்கள் அவர் தெரு வழியாக நடக்கவே இல்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன்?

இங்கிரிட் என்று எனக்கு ஒரு மாணவி. பள்ளி ஆசிரியை ஆகப் படித்தவள். பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் ஒரு மழலையர் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். போன குளிர்காலத்தில் அவள் ஒரு கதை கேட்டாள். அந்த ஆலைக் கதையை ஞாபகத்திலிருந்து ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். அவள் தட்டச்சு செய்து பிரதி எடுத்தாள். பெயர் போடவில்லை.

இந்த ஊரில் இப்போது காற்றே சரியில்லை அப்பா. தபாலாபீஸ் சுவரில், அரசாங்கத்தை எதிர்த்துக் குண்டு வைத்ததாகத் தேடப்படுகிறவர்களின் முகங்கள். பிடிபட்டவர் முகத்தின் மேல் பேனாவால் குறுக்குக்கோடு. சாலையில் துப்பாக்கியோடு போலீஸ். அரசாங்க வேலைக்கு வருகிறவர்களுக்கு இடதுசாரித் தொடர்பு உண்டா என்று தோண்டிப் பார்க்க ஆணை போட்டிருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் அது உண்டு. இங்கிரிட்டின் கோப்பில் அந்தக் கதைத்தாள் இருந்ததாம். குழந்தைகளை முதலாளிகளுக்கு எதிராகத் தூண்டுவது என்று ஓரத்தில் குறிப்பு. எழுதியது யார் என்று கேட்டதற்கு, தானே எழுதியதாகச் சொல்லிவிட்டாள்.

மாடிப்படியில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க வாயே திறக்காதீங்க கமலா. எனக்கு வேலைதான் போகும். உங்களுக்கு இந்த நாடே போயிடும்."

"டீச்சராகணும்னுதானே இத்தனை வருஷம் படிச்சே?"

"ரொட்டிக் கடையில நிக்கிறேன். அங்கேயும் பிள்ளைங்க வரும்." சிரித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அடுத்த வாரம், வேலை நீட்டிப்பு சம்பந்தமாக என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். காபி கொடுத்தார். கதைத்தாளை எடுத்து வைத்தார்.

"ஒண்ணுதான் புரியல, டாக்டரம்மா. ஒரு ஆலை எதுக்குக் கடல் சிப்பியை ஊதுது? எந்த ஜெர்மன்காரரும் இப்படி எழுதமாட்டாங்களே!"

குனிந்து பார்த்தேன். ஆலை ஊதலுக்கு இந்த மொழியில் நல்ல சொல் இருக்கிறது. நான் சங்கு என்று நினைத்து, சிப்பி என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லில் நம் வீடே தெரிந்தது.

"இதை முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

பத்து வயதுக் குரல் அப்படியே வந்தது. அவர் எழுதிக்கொண்டார், தாளை என் பக்கம் திருப்பினார், கையெழுத்துப் போட்டேன்.

நான் குடியிருக்கும் வீட்டில் பக்கத்து அறையில் தேவசகாயம் இருக்கிறான். நாகர்கோவில் பையன், வேதியியல் ஆராய்ச்சி. அவனிடம் மட்டும் சொன்னேன்.

"சைன் பண்ணிட்டீங்கல்ல, விடுங்கக்கா. விசா ரினியூவல் வேற வருது. ஏன் வீணா ரிஸ்க்?"

"இங்கிரிட்?"

"அவ இந்த ஊர்க்காரி. எப்படியும் மேனேஜ் பண்ணிப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரசம் இருக்கு, சாப்பிடுறீங்களா?" என்றான்.

கெட்டவன் இல்லை அப்பா. உங்களைப் போலத்தான் பேசினான்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தபால்காரர் மணி அடித்தால் கதவைத் திறக்காமல் நிற்கிறேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒரே கேள்வி. எடுத்தது நீங்கள்தான் என்று ராகவன் மாமாவுக்குத் தெரியுமா? தெரிந்தும், நீங்கள் குழந்தைக்காரர் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தாரா? நீங்களாவது என்றைக்காவது அவரிடம் கேட்டீர்களா?

நேற்று நானே தொலைபேசியில் அழைத்து அந்த அதிகாரியிடம் நேரம் கேட்டேன். இங்கே அதற்கு டெர்மின் என்று பேர். திங்கட்கிழமை காலை பத்து மணி. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். இந்தக் கடிதத்தைச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு இன்றே அனுப்புகிறேன். முன்பின் தெரியாத நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தால் திங்கட்கிழமை என்னால் பின்வாங்க முடியாது. அவர்கள் படிக்கும்போது நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஆனால் இதை உங்களுக்கு வாக்காகவே தருகிறேன். போட்ட கையெழுத்து பொய் என்று சொல்வேன். கதையை ஜெர்மனில் எழுதியவள் நான், இங்கிரிட் இல்லை என்பேன். அந்தக் கதை எங்கே கிடைத்தது என்று கேட்டால், என் அப்பா ஆபீசிலிருந்து எடுத்து வந்தார், ராகவன் எடுக்கவில்லை என்று சொல்வேன். ராகவன் யார் என்று அந்த மனிதருக்குப் புரியாது. இருந்தாலும் எழுதிக்கொள்வார்; எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவர். எங்கேயாவது ஒரு காகிதத்தில் அது இருக்கட்டும்.

இனி உங்களை யாரும் வேலையிலிருந்து நீக்க முடியாது அப்பா. நீங்கள் பயப்படாதீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பயந்துகொள்கிறேன்.

உங்கள் மூத்த மகள்,
கமலா