பின்பாரம்

மக்கா, இன்று காலை எங்கள் கோயில் மைதானத்தில் சினிமாக்காரர்களின் கேரவன் ஒன்று வந்து நின்றது. எல்லாரும் நடிகரைப் பார்க்க ஓடினார்கள். நான் அதை இழுத்துவந்த வண்டியின் கொக்கியைப் பார்த்தேன். கேரவனின் மூக்கு அதன்மேல் கனமாக அழுத்தி உட்கார்ந்திருந்தது. சரியாகப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

ஆமாம், நோட்டுதான். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படித்துவிட்டேன். வளைகுடாவில், புஜைராவில் நாம் வேலை பார்த்தபோது என் வீட்டுக்குக் கடிதமெல்லாம் நீதான் எழுதித் தந்தாய். இப்போது உனக்கு நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது. சொல்ல வந்த விஷயம்தான் சிரிப்பானது இல்லை.

உனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், நீ உன் மனைவியோடு இருந்தது லீவு நாட்களில் மட்டும். நமக்கு விசா தந்த அரபி, நம் கஃபீல், மனமிரங்கி அவளுக்கு ஒரு மாத விசிட் விசா எடுத்துக் கொடுத்தார். நாம் தங்கிய தொழிலாளர் கேம்பில் பெண்களுக்கு இடமில்லை. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் பழைய கேரவனை நீ வாங்கினாய். கஃபீலின் பேரீச்சந்தோட்டத்தில் நிறுத்திக்கொள்ள அனுமதியும் கேட்டு வாங்கினாய். ஏ.சி.யை நீயே பழுது பார்த்தாய். ஜன்னலுக்கு நீலத் திரை தைத்தாய்.

அவள் வருவதற்கு முந்தின நாள் அதைத் தோட்டத்துக்கு இழுத்துப்போகப் புறப்பட்டோம். பாரம் ஏற்றியது நான். கட்டில், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் நிறைந்த இரண்டு டிரம், எல்லாவற்றையும் பின்கோடியில் அடுக்கினேன். நீ கொக்கிப் பக்கத்தைக் கையால் தூக்கிப் பார்த்தாய்.

"லே, இது லேசா இருக்கு. கொஞ்சம் முன்னாடி வச்சா என்ன?"

"ஏசிக்காரன் எனக்குப் பாரம் ஏத்தப் படிச்சுத் தாறியோ? வள்ளத்துக்கு அணியம், அந்த மூக்குப் பக்கம், தூக்கி நிக்கணும்லே. அப்பதான் அலையில ஏறும்."

"இங்க எங்கலே அலை?"

"நீ வண்டிய ஓட்டு. நாளைக்கு உன் பொஞ்சாதி என்னத்தான் புகழுவா."

சிரித்துக்கொண்டே பிக்கப்பில் ஏறினாய். முப்பது வருஷம் கடலில் பிழைத்தவன் சொல்கிறானே என்று நம்பினாய்.

மலை இறக்கத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கியது. முதலில் மெல்ல. பிறகு பிக்கப்பையே இடமும் வலமுமாகப் பிடித்து உலுக்கியது. "பிரேக் போடுலே!" என்று கத்தினேன். அதுவும் நான்தான். நீ போட்டாய். வண்டி நின்றபோது கேரவன் கொக்கி முறிந்து, பக்கம் கிழிந்து, ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்தது. நம் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

உதவிக்கு நின்ற பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் சிதறிய சாமான்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பாய், வஜன் ஆகே!" பாரம் முன்னால் இருக்கவேண்டுமாம். ஆடத் தொடங்கினால் பிரேக்கைத் தொடாமல், காலை மெல்ல எடுக்கவேண்டுமாம். எல்லாவற்றையும் அந்த ரோட்டோரத்தில்தான் கற்றேன். நீ உருண்டுபோன குக்கர் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாய்.

அவள் வந்தாள். நம் ஊர் நர்சுகளின் பிளாட்டில் அவளுக்கு மட்டும் ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது. டூட்டி முடிந்து நீ கடற்கரைக்குப் போவாய். கல்சுவரில் இருவரும் உட்கார்ந்திருப்பீர்கள். இருட்டியதும் அவள் பிளாட்டுக்கு, நீ கேம்புக்கு. அந்த மாதம் அப்படியே தீர்ந்தது. அடுத்த லீவுக்கு முன்பே உன் நெஞ்சு நின்றுவிட்டது. உன் சவப்பெட்டியோடு நான்தான் ஊர் வந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அவள் என்னிடம் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அண்ணே, எழுதப் படிச்சிட்டியளாமே?" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு, நான் கேட்காமலே, "அன்னைக்கு அந்த டயரு மட்டும் வெடிக்காம இருந்திருந்தா..." என்றாள்.

எந்த டயரும் வெடிக்கவில்லையே மக்கா. அப்படியா சொன்னாய் அவளிடம்? உங்களுக்குக் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்திலும் என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னாயா?

"ஆமா, டயருதான்" என்றேன்.

அன்று மாலையே உண்மையை ஒரு தாளில் எழுதினேன். அவள் வீட்டு வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.