கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே

என் மகளுக்கு,

நீ விட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டாருக்கு, நீ ஆசைப்பட்ட ஹம்பக்கர் பிக்கப்பை, கம்பியின் அதிர்வைப் பிடித்துச் சத்தமாக்குகிற அந்தக் காந்தக் கட்டையை, வாங்கிவிட்டேன். இருப்பதிலேயே வலுவான காந்தம், அதிகச் சத்தம். "சத்தத்தைக் குறை" என்று கத்திய நானேதான் கேட்டு வாங்கினேன்.

படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கை, நானே பொருத்தினேன். ஒட்டி இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று கம்பிக்கு அடியில் நெருக்கி வைத்தேன். மீட்டிய உடனே நாதம் செத்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "இவ்வளவு ஒட்டி வச்சா எப்படிங்க? காந்தம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டா கம்பியால அசைய முடியாதுல்ல" என்று திருகைத் தளர்த்திப் பிக்கப்பைக் கீழே இறக்கினார். அதன்பின் மீட்டியபோது கம்பி நெடுநேரம் பாடியது.

வீட்டுக்கு வந்து, உன் அறைக் கதவில் வெளிப்பக்கமாக நான் அடித்திருந்த தாழ்ப்பாளைக் கழற்றினேன்.

கிட்டாரை எடுக்க மட்டும் வா. பூவம் போகிற அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடு. வாசலை மறிக்க மாட்டேன்.

அப்பா