பழைய படத்தை ஏன் கேட்கவில்லை?

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. வழக்கமாக நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்குவேன். இந்த முறை நான் நலமா என்று உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால், பேஷண்ட் காத்திருக்கிறார் என்று வைத்துவிடுகிறாய்.

என் மார்பக எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "சாதாரணக் கட்டிதான்க்கா, எதுக்கும் ஊசி வச்சு கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்" என்றாய். சாதாரணம் என்றால் அந்த 'எதுக்கும்' எதற்கு? நான் எரிந்து விழுந்தேன். நீ பதிலுக்குச் சண்டை போடவில்லை. சரிக்கா, சரிக்கா என்றாய். பிறந்ததிலிருந்து என்னிடம் நீ சேர்ந்தாற்போல் இரண்டு சரி சொன்னதில்லை.

உன் அத்தானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உன் போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறார். ஒரு தம்ளர்கூடக் கழுவி அறியாத மனிதர், நேற்று குக்கரைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். கட்டியைவிட அந்தக் குக்கர்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. இரண்டு பேரும் சேர்ந்து என் காதில் பூச்சுற்றுகிறீர்கள்.

போன தடவை வந்திருந்தபோது எதிர்வீட்டு டீச்சரின் படத்தைப் பார்த்தாயே, நினைவிருக்கிறதா? பழைய படம் இருக்கா என்றுதான் முதலில் கேட்டாய். ஓரம் வழவழவென்று, வருஷக்கணக்காக மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. புதிதாக முளைத்து, ஓரம் முள்முள்ளாக இருந்தால்தான் சந்தேகம் என்று அவருக்கு விளக்கினாய். யாருடையதானாலும் பழையதைக் கேட்காமல் வாய் திறக்காதவள், என்னுடையதை மட்டும் ஏன் கேட்கவில்லை? கேட்கத் தேவையில்லாத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டதா?

பீரோவைக் குடைந்து பழையதை எடுத்தேன். இரண்டையும் சன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். புதியதில் இடப்பக்கம், அக்குளை ஒட்டி, ஒரு வெள்ளைத் திட்டு. அதன் ஓரம் எப்படி இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை. பழையதில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவசரத்தில் படத்தைத் திருப்பி ஒட்டிவிட்டேனோ என்றுகூடப் பார்த்தேன். மூலையில் இருந்த எழுத்து நேராகத்தான் இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசிக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை, வருகிறேன். ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் அந்தக் கட்டிலில் படுக்க என்னால் முடியாது.

இரண்டு படங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். அக்காவுடையது என்று நினைக்காமல், யாரோ ஒருத்தியுடையது என்று பார். பார்த்ததை அப்படியே எழுது. உனக்கென்ன தெரியும், அதிகப்பிரசங்கி என்று திட்டி எழுதினாயானால், சரி, சரி என்று இரண்டு முறை நானே சொல்லிவிடுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்
அக்கா